பழைய கம்ப்யூட்டர்ல பெரிய ஹார்டு டிஸ்க் மாட்டின அனுபவம் - உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

ஸ்டுடியோ பையன்

ரொம்ப வருஷமா உறுத்திக்கிட்டே இருக்குற விஷயம், அதான் எழுதுறேன். 2005. அப்பாவோட ஸ்டுடியோல பென்டியம் 3, 815 சிப்செட், 40 ஜிபி டிஸ்க். டிஜிட்டல் கேமரா வந்ததும் அது பத்தல. 160 ஜிபி ஒண்ணு வாங்கி ரெண்டாவதா மாட்டி மொத்தத்தையும் ஒரே டி டிரைவா போட்டோம். பயாஸ் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற போர்டு புரோகிராம்) அப்டேட் பண்ணியாச்சு, விண்டோஸ் எக்ஸ்பி எஸ்பி2 (சர்வீஸ் பேக் 2) இருந்துச்சு, முகூர்த்த மாசம் பூரா ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு. அப்புறம் வைரஸ் ஏறி, சி டிரைவை மட்டும் ஃபார்மட் போட ஒரு சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டோம், அவர் கொண்டு வந்தது சர்வீஸ் பேக் எதுவுமே இல்லாத முதல் எக்ஸ்பி சிடி. போட்டு முடிச்சாரு, டி டிரைவ்ல போட்டோ எல்லாம் தெரிஞ்சுது, அப்பா காசு கொடுத்து அனுப்பிட்டார்.

ஒரு ரிசப்ஷன் போட்டோவை எல்லாம் காப்பி பண்ணிட்டு மெஷினை ஆஃப் பண்ணோம். மறுநாள் டி-யைத் திறந்தா, இந்த டிரைவ் இன்னும் ஃபார்மட் ஆகல, இப்போ பண்ணவான்னு கேக்குது. எஸ், நோ ரெண்டு பட்டன். அப்பா நோ மேல மவுஸைக் கொண்டுபோய் வெச்சிட்டு அழுத்தவும் இல்ல, கையை எடுக்கவும் இல்ல. அழுத்தினா ஏதாவது ஆயிடுமான்னு என்னைப் பாக்குறார்.

எஸ்பி1 வராத எக்ஸ்பிக்கு டிஸ்க் அட்ரஸ் 28 பிட் தான், அதாவது 137 ஜிபி வரைக்கும் தான் எண்ணத் தெரியும். அதைத் தாண்டி எழுதினா எர்ரர் வராது, டிஸ்க்கோட ஆரம்பத்துல போய் எழுதிடும். டிரைவ் எப்படி ஃபார்மட் ஆகியிருக்குன்னு சொல்ற பூட் செக்டர் இருக்குற அதே இடம். புது போட்டோ ஏறினது பழைய டிஸ்க்கோட தலையில. எர்ரர்னு ஒண்ணாவது வந்திருந்தா அங்கயே நிறுத்தியிருப்போமே, அதுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆறல.

தறிக்கொட்டகை

தம்பி உங்களுக்கு 137, எனக்கு அதுக்கும் முன்னாடியே முட்டுச்சந்து. நெசவு டிசைனுக்கு ஜக்கார்டு அட்டை பஞ்ச் பண்ற மெஷின், டாஸ் சாஃப்ட்வேர், பழைய போர்டுல மட்டும் மாட்டுற ஐஎஸ்ஏ கார்டு, அதனால கம்ப்யூட்டரை மாத்த வழியே கிடையாது, பென்டியம் 2 தான். உள்ள இருந்த 4 ஜிபி டிஸ்க் டக் டக்னு அடிக்க ஆரம்பிச்சிருச்சு. கடையில சின்ன டிஸ்க்னு கேட்டதுக்கு 80 ஜிபி கொடுத்தாங்க. மாட்டி ஆன் பண்ணா ஐடிஇ (அகல ரிப்பன் கேபிள்ல மாட்டுற பழைய வகை) டிஸ்க்கைத் தேடுற இடத்துலயே திரை நின்னு போச்சு. டிலீட் அழுத்தினாலும் பயாஸுக்குள்ள போகல. கேபிளைக் கழட்டினா உள்ள போகுது, மாட்டினா நிக்குது. 1999 நடுவுல வரைக்கும் வந்த நிறைய பயாஸுக்கு 33.8 ஜிபி தாண்டின டிஸ்க்னா அப்படியே உறைஞ்சிரும், சிலிண்டர் (டிஸ்க்கோட வட்டத் தடங்கள்) எண்ணிக்கை 65535-ஐத் தாண்டுறதால.

டிஸ்க் மேல ஒட்டியிருந்த லேபிள்ல ஜம்பர் (ரெண்டு பின்னைச் சேர்க்குற சின்ன மூடி) படம் இருந்துச்சு, அதுல ஒண்ணு கொள்ளளவைக் குறைச்சுக் காட்டுறது. நகத்தால ஜம்பரைப் புடுங்கி அந்தப் பின்ல சொருகினேன். மறுபடி ஆன் பண்ணா திரையில டிஸ்க் பேரு வந்து நிக்குது! தறி மூணும் அட்டைக்காகக் காத்துக் கிடந்த நேரம், எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. டாஸ் 6.22-க்கு ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபி தான், 80-ல அவ்வளவுதான் பயன்படுது, போகட்டும். அட்டை அடிக்குது.

ரிச்சி தெரு வாசி

@தறிக்கொட்டகை அண்ணே, அதுக்கு எதுக்கு ஹார்டு டிஸ்க்? டாஸ் மெஷினுக்கு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு, அதான் கேமராவுல போடுற மெமரி கார்டு, போடணும். நானும் ஒரு சிஎன்சி லேத்துக்கு இப்படிப் பண்ணியிருக்கேன், பிரச்சனையே இல்ல. சொல்றேன் கேளுங்க. அந்தக் கார்டு பிறப்புலயே ஐடிஇ பேசும், அதனால அடாப்டர்ல சிப் கிப் எதுவும் வேணாம், பின்னை பின்னோட சேர்க்குற வெறும் போர்ட் தான். 2 ஜிபி, இல்லன்னா 4 ஜிபி கார்டு வாங்குங்க, பெருசு வேணாம், 8.4 ஜிபிக்கு மேல டாஸ் 6.22 பாக்காது. கார்டை மாட்டி பயாஸ்ல ஆட்டோ டிடெக்ட் விடுங்க, எல்பிஏ மோடு (செக்டரை வரிசை நம்பரால எண்ணுறது) வைங்க, எஃப்டிஸ்க்ல (டாஸ்ல பார்ட்டிஷன் போடுற புரோகிராம்) பிரைமரி போட்டு ஆக்டிவ் பண்ணுங்க, ஃபார்மட் பண்றப்போ சிஸ்டம் ஃபைலையும் சேத்துப் போடுங்க, பூட் ஆகலன்னா எஃப்டிஸ்க்கை எம்பிஆர் (டிஸ்க்கோட முதல் செக்டர்) ஸ்விட்சோட ஒரு தடவை ஓட்டுங்க, கேமராவுல இருந்த கார்டுன்னா பெரும்பாலும் அந்த செக்டர்ல பூட் கோடு இல்லாதது தான் காரணம். தறி அதிர்ற கொட்டகையில சுத்துற டிஸ்க் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தூசி வேற. ரெண்டு கார்டு வாங்கி ஒண்ணை அப்படியே இமேஜ் எடுத்து பீரோல வெச்சிடுங்க.

தறிக்கொட்டகை

நல்லாச் சொன்னீங்க, ஆனா நான் சொல்றது நடந்தது அந்தக் காலத்துல, எங்க ஊர்ல அப்போ அந்த அடாப்டரை யாரும் கண்ணால பாத்ததில்ல. இமேஜ் விஷயம் சரி, அதைப் பண்றேன்.

மதுரை மேசை

எல்லாரும் பெரிய டிஸ்க் பத்தியே பேசுறீங்க, வேகத்தைப் பத்தி யாரும் சொல்லல. 7200 ஆர்பிஎம், 8 எம்பி கேஷ், அந்தக் காசுக்கு நல்ல டிஸ்க். மாட்டினதும் பழசை விட மெதுவா ஓடுச்சு. ஃபைல் காப்பி பண்ணா மவுஸ் விட்டு விட்டு நகருது, பாட்டு திக்குது, சிபியு நூறுல நிக்குது. டிவைஸ் மேனேஜர்ல பிரைமரி ஐடிஇ சேனல் பாத்தா பிஐஓ மோடுன்னு இருக்கு, அதாவது டேட்டா பூராவையும் சிபியுவே தூக்கிச் சுமக்குற மோடு. அந்த மூணு எழுத்தைப் பாத்து எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே!

காரணம் கேபிள். பழைய 40 கம்பி ரிப்பன், அதுல யுடிஎம்ஏ (சிபியு சுமக்காமலே டேட்டா போற வேக மோடு) 33-க்கு மேல போகக்கூடாது. 66, 100-க்கெல்லாம் 80 கம்பி வேணும், பின் எண்ணிக்கை 40 தான், நடுவுல நடுவுல ஒரு எர்த் கம்பி ஓடும், விரலால தடவினாலே நைஸா தெரியும். நீல முனை போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), நடுவுல சாம்பல் ஸ்லேவுக்கு (ரெண்டாவது டிஸ்க்). என் போர்டு கேபிள் வகையைச் சரியா கண்டுபிடிக்காம 100-ல ஓட்டப் பாத்திருக்கு, எர்ரர் மேல எர்ரர். எக்ஸ்பி அப்படி ஆறு எர்ரர் பாத்தா ஒரு படி கீழ இறக்கும், இறக்கி இறக்கி கடைசியில பிஐஓ. கேபிளை மாத்தினா மட்டும் தானா மேல ஏறாது. அந்தச் சேனலை டிவைஸ் மேனேஜர்ல அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணணும். பண்ணேன், அல்ட்ரா டிஎம்ஏ 5, அதாவது அந்த 100, வந்துச்சு.

@ஸ்டுடியோ பையன், கோவிச்சுக்காதீங்க, பேக்கப் வெச்சிருந்தா அந்த சர்வீஸ் ஆளு மேல இவ்வளவு வருத்தம் இருந்திருக்காதுல்ல?

யாழ் பக்கம்

என்ர பிரச்சினை ஐடிஇ இல்லை, அதுக்குப் பிறகு வந்த மெல்லிய கேபிள் வகை, சாட்டா. 2004 போர்ட், 1.5 கிகாபிட். புது 500 ஜிபி கொழுவினா பயாஸில ஒண்டும் தெரியேல்ல. கடையில போர்ட் பழுது, மாத்துங்கோ எண்டு விட்டினம். ஆனா டிஸ்க் சுத்துற சத்தம் கேக்குது, கையை வைச்சா அதிருது. அந்தக் காலத்துச் சில சாட்டா சிப்புகள் 3 கிகாபிட் டிஸ்கோட பேசி 1.5க்கு இறங்கத் தெரியாம நிண்டிடும். டிஸ்கின்ர பின்பக்கம் சின்ன ஜம்பர் ஒண்டு போட்டா டிஸ்கே 1.5 இல நிண்டு கதைக்கும். சாதாரண ஐடிஇ ஜம்பர் பெரிசு, ஓட்டைக்குள்ள போகாது. பழைய லேப்டாப் டிஸ்க் ஒண்டில இருந்து ட்வீஸரால கழட்டிப் போட்டன். உடன தெரிஞ்சுது. போர்ட் இண்டைக்கும் ஓடுது.

வேளச்சேரி

இன்னும் இதெல்லாம் பேசணுமா? எஸ்எஸ்டி போடுங்க. 2008 ஜி31 போர்டு, கோர் 2 டுவோ, 2020-ல பொண்ணுக்கு ஆன்லைன் கிளாஸ். முன்னாடி ஆன் பண்ணா டிஸ்க் சிவப்பு லைட் அணையாம எரிஞ்சுக்கிட்டே இருக்கும், டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்சிருப்பாங்க. 240 ஜிபி எஸ்எஸ்டி போட்ட அன்னைக்கு அந்த லைட் கண் சிமிட்டிட்டு அணைஞ்சே போச்சு. அந்த போர்டோட ஐசிஹெச்7 சிப்புல ஏஹெச்சிஐ (சாட்டாவோட முழு வசதி மோடு) கிடையாது, 3 கிகாபிட் தான், ஐடிஇ மோடு தான், இருந்தும் வேற மெஷின் மாதிரி ஆயிடுச்சு. எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷனை அப்படியே க்ளோன் பண்ணாதீங்க, அது 63-வது செக்டர்ல ஆரம்பிக்கும், எஸ்எஸ்டியோட பக்கக் கணக்குக்கு ஒத்துவராது. விண்டோஸ் விஸ்டால இருந்து 2048-ல ஆரம்பிக்கும், அந்த மாதிரி புதுசா போடுங்க. அதே மெஷின்ல 4 டிபி டேட்டா டிஸ்க்கும் இருக்கு, ஜிபிடி (புது வகை பார்ட்டிஷன் அட்டவணை) போட்டிருக்கேன், பழைய எம்பிஆர் அட்டவணை போட்டா 2.2 டிபிக்கு மேல கை வைக்கவே விடாது. பழைய பயாஸ் அதுல இருந்து பூட் பண்ணாது, டேட்டாவுக்குப் போதும்.

ஸ்டுடியோ பையன்

@மதுரை மேசை, 2005-ல அந்த மெஷின்ல இருந்தது சிடி ரைட்டர். ஒரு சிடி 700 எம்பி. ஒரு கல்யாணத்துக்கே எத்தனை சிடி ஆகும்னு போட்டுப் பாருங்க. கஸ்டமருக்கு ஆல்பம் கொடுத்த கல்யாணம் எல்லாம் எழுதி வெச்சிருந்தோம். போனது ஆல்பம் டிசைன்ல இருந்த கல்யாணங்க. ரெகவரி சாஃப்ட்வேர்ல பாதிக்கு மேல வந்துச்சு, ஃபைல் பேரு ஒண்ணும் இல்ல, வெறும் நம்பர். சில போட்டோல மேல் பாதி மணவறை, கீழ் பாதி சாம்பல் கலர். அந்த வீட்டுக்காரங்க கிட்ட அப்பா போய் உக்காந்து பேசினதை நான் பக்கத்துல இருந்து பாத்தேன், அதனால பேக்கப்னு ஒரு வார்த்தையில முடிக்காதீங்க.

ரிச்சி தெரு வாசி

தம்பி சொல்றது நியாயம். விண்டோஸ் 2000 வெச்சிருக்கவங்க யாராவது படிச்சா ஒண்ணு: அதுல எஸ்பி3 போட்டா மட்டும் பத்தாது, ரெஜிஸ்ட்ரில (விண்டோஸோட செட்டிங்ஸ் பட்டியல்) ஐடிஇ டிரைவரான அடாபி சர்வீஸுக்குக் கீழ பாராமீட்டர்ஸ்ல எனேபிள்பிக்எல்பிஏ-ன்னு ஒரு மதிப்பை நீங்களே உருவாக்கி 1 கொடுக்கணும். அதைப் பண்ணி ரீஸ்டார்ட் ஆன பிறகு தான் 137 ஜிபிக்கு மேல இருக்குற டிஸ்க்கோட கேபிளை மாட்டணும்.