ஆறு பேர் தங்கும் முதியோர் வீடு: அம்மாவை அங்கே சேர்க்கலாமா?

நடைவண்டி எழுதியது:
என் தாயாருக்கு வயது 79. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆன பிறகு, துணையின்றிக் கழிவறைக்குச் செல்ல அவரால் இயலவில்லை. மறதி நோயும் தொடங்கியிருக்கிறது. ஏஜென்சி மூலம் வீட்டில் ஆள் வைத்தோம். எட்டு மாதத்தில் ஐந்து பேர் மாறினார்கள். நங்கநல்லூரில் ஒரு தனி வீட்டில் ஆறு முதியவர்களை மட்டும் பராமரிக்கும் இல்லத்தையும், புறநகரில் நூறு படுக்கைகளுக்கு மேல் உள்ள ஓர் இல்லத்தையும் பார்த்து வந்தேன். மனம் சிறிய வீட்டின் பக்கமே சாய்கிறது. அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

மருதம் எழுதியது:
தயங்காமல் சிறிய வீட்டில் சேருங்கள். என் தந்தையார் அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் மூன்று ஆண்டுகள் இருந்தார். ஒரு நாள் காலையில் அவர் பணிப்பெண்ணைத் தம் தங்கையின் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். அந்தப் பெண் அதை வயதின் தடுமாற்றம் என்று தள்ளிவிடாமல், 'நேற்று வரை இப்படிப் பேசவில்லை' என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். பரிசோதித்தபோது சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வருவதற்கு முன்பே பேச்சு குழம்பக்கூடும் என்பதை மருத்துவர் பிறகுதான் விளக்கினார். நேற்று எப்படி இருந்தார் என்று தெரிந்தவருக்குத்தான் இன்றைய மாற்றம் கண்ணில் படும். நூறு பேருக்கு நடுவில் அது யார் கண்ணில் படும்?

காவேரிக்கரை எழுதியது:
மருதம் ஐயா சொல்வது பகல் நேரத்துக் கதை. முப்பது ஆண்டுகள் செவிலியர் பணியில் இருந்த நான் இரவைப் பற்றிக் கேட்கிறேன். பகலில் இருவர், இரவில் ஒருவர் என்று 12 மணி நேர ஷிப்டில் வைத்தாலே வாரத்துக்கு 21 ஷிப்டுகள் ஆகின்றன. ஒருவருக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு என்றால் நான்கு பேராவது சம்பளத்தில் இருக்க வேண்டும். ஆறு பேரின் கட்டணத்தில் வாடகை, மளிகை, மின்கட்டணம் போக நான்கு சம்பளம் கொடுப்பது கடினம். ஆகவே பகலில் சமைத்த பெண்ணே இரவிலும் அங்கேயே படுத்துக்கொள்கிறார், அதற்கு 'இரவுப் பணியாளர் உண்டு' என்று பெயர். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். கனத்த உடம்பை ஒருவராகப் புரட்ட முடியாது. இழுக்கத்தான் முடியும், அப்படி இழுத்தால் தோல் உரியும்.

இன்னொன்று, வீடு வாடகை வீடா? பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால், மறதி நோயாளிக்கு மறுபடியும் புது அறை, புதுக் கழிவறை; பழகிய இடத்தை இழந்தால் குழப்பம் கூடும்.

மருதம் எழுதியது:
பெரிய இல்லத்தில் இரவு முழுவதும் ஆள் நிற்கிறார்களா, அம்மா? நான் பார்த்த ஒன்றில் ஒரு தளம் முழுவதற்கும் இருவர்தான் இருந்தார்கள். வாடகை வீடு பற்றித் தாங்கள் சொன்னதை ஏற்கிறேன்.

சியாட்டில்வாசி எழுதியது:
நான் வசிக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் இத்தகைய வீடுகளுக்கென்றே தனி உரிமம் இருக்கிறது. சாதாரணக் குடியிருப்புத் தெருவில் உள்ள வீட்டில் அதிகபட்சம் ஆறு பேரை வைத்துக்கொள்ளலாம். கூடுதல் நிபந்தனைகளை நிறைவேற்றினால் எட்டு வரை அனுமதி உண்டு. அரசு ஆய்வாளர் எழுதிய அறிக்கையை எவரும் இணையத்தில் படிக்கலாம். என் அண்டை வீட்டார் தம் தாயாரைச் சேர்க்கும் முன் நான்கு வீடுகளின் அறிக்கைகளைப் படித்தார்கள். சிறிய வீடு என்பதே குறையாகிவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

காவேரிக்கரை எழுதியது:
அங்கே அந்த வீட்டை நம்ப வைப்பது அறிக்கை, அளவு அல்ல. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கக்கூடிய இல்லத்தைப் பற்றிப் பேசுகிறது. கட்டணம் கொடுத்து ஆறு பேர் தங்கும் தெருமுனை வீடு அந்தப் பிரிவின் கற்பனையிலேயே இல்லை. எனவே ஆய்வாளர் செய்ய வேண்டியதைத் தாங்களே செய்யுங்கள், தம்பி: முன்னறிவிப்பின்றி இரவு பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். படுக்கைப் புண் இருக்கிறதா என்று, படுக்கையில் இருப்பவரின் குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்க்க அவரது குடும்பத்தார் அனுமதித்தால் பாருங்கள்; வரவேற்பறையை யாரும் துடைத்து வைக்கலாம்.

நடைவண்டி எழுதியது:
நேற்று இரவு போனேன். காவேரிக்கரை அம்மா சொன்னபடியே காலையில் சமைத்த பெண்தான் இருந்தார். ஆனால் விழித்திருந்தார், ஒரு பாட்டியின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எல்லாருடைய மருந்து நேரமும் அவருக்கு மனப்பாடம். அவர் எப்போது உறங்குவார் என்று கேட்டதற்குச் சிரித்தார். ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்று நடத்துபவர் தாளை எடுத்துக் காட்டினார். இரவுக்கென்று தனியாக இன்னொருவரை அமர்த்தும் செலவை ஆறு குடும்பங்களும் பகிர்ந்துகொண்டால் தமக்கு மறுப்பில்லை என்றார். மற்ற ஐந்து குடும்பங்களில் மூவர் ஒப்புக்கொண்டார்கள். மீதி இருவரிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். அதுவரை முன்பணம் கட்டவில்லை.