“தேவையா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?” – மாநாடுகளில் நாம் சந்தித்தவர்கள்

தொடக்கப் பதிவு

டெக்னிக்கல் ரைட்டிங், அதாவது கையேடுகளும் உதவிப் பக்கங்களும் எழுதும் துறை, இதன் மாநாடுகளுக்குப் போய் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எந்த உரை நன்றாக இருந்தது, எந்தப் பட்டறைக்கு இடம் கிடைக்கவில்லை என்பதையெல்லாம் பேசியாகிவிட்டது. அங்கே சந்தித்த யாராவது ஒருவரால் உங்கள் எழுத்து மாறியிருக்கிறதா? அப்படி இருந்தால் அதை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

சில மாநாடுகளில் ஒரு நாளை எழுதுவதற்கென்றே ஒதுக்கிவிடுவார்கள். ரைட்டிங் டே என்று பெயர். அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 2013-இல் தொடங்கிய ‘ரைட் தி டாக்ஸ்’ மாநாட்டில் இது ஒரு முக்கியமான நிகழ்ச்சி. ஓப்பன் சோர்ஸ் (நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும்) மென்பொருள் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து, எங்கள் கையேட்டில் இன்னது குறைகிறது, கை கொடுங்கள் என்பார்கள். பிடித்த மேசையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அதே மாதிரி ஒரு நாளை வைத்திருந்த ஒரு சிறிய மாநாட்டுக்கு, நான் எழுதிய மென்பொருள் நிறுவல் கையேட்டோடு போயிருந்தேன்.

என் மேசைக்கு ஒரு பெண் வந்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்றார். “எனக்கு எதுவும் தெரியாது, சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா?” என்று கேட்டார். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, “இதைப் பார்த்து நீங்களே நிறுவுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்” என்றேன்.

மூன்று படிகள் தடங்கலில்லாமல் போயின. நான்காவது படி இது: ‘தேவைப்பட்டால் சேவையை மறுதொடக்கம் செய்யவும்.’ அவர் விரல் டச்பேடில் அப்படியே நின்றது. பக்கத்தை மேலே தள்ளிப் பார்த்தார், கீழே இறக்கினார், மறுபடியும் மேலே போனார். பிறகு மிகவும் தயங்கி, “தேவையா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

பதில் எனக்குத் தெரியும். இரண்டாவது படியில் போர்ட் எண்ணை மாற்றியிருந்தால் மறுதொடக்கம் வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். என் தலைக்குள் இருந்த அந்த நிபந்தனையை ஒரு முறைகூட நான் எழுதி வைக்கவில்லை. அந்த இடத்திலேயே திருத்தினோம்: ‘2-ஆம் படியில் போர்ட் எண்ணை மாற்றியிருந்தால் சேவையை மறுதொடக்கம் செய்யவும். மாற்றவில்லை என்றால் 5-ஆம் படிக்குப் போகவும்.’

அன்று ராத்திரி அறைக்கு வந்ததும் கையேடு முழுக்க ‘தேவைப்பட்டால்’ என்று தேடினேன். முப்பத்தொரு இடங்களில் இருந்தது. பாதிக்கு மேல் எனக்கே நிபந்தனை தெரிந்ததால் உடனே எழுதிவிட்டேன். மீதியை ஊருக்குத் திரும்பி இன்ஜினியர்களிடம் கேட்டேன். நாலு இடங்களில் அவர்களும் யோசித்துவிட்டு, “இது எப்போதுமே தேவைப்படாது, எடுத்துவிடுங்கள்” என்றார்கள். அத்தனை வருஷமாக வாசகர்கள் அந்த நாலு வரியில் நின்று குழம்பியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பதில்: கனரக இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுபவர்

இதைப் படித்ததும் எனக்கு ஒரு சர்வீஸ் டெக்னீஷியன் ஞாபகம் வந்தார். பாதுகாப்புக் குறிப்புகள் பற்றிய அமர்வு ஒன்றுக்கு, எழுத்தாளர்களோடு கையேட்டைப் பயன்படுத்துகிறவர் ஒருவரும் பேச வேண்டும் என்று அவரை அழைத்திருந்தார்கள். எல்லா மாநாட்டிலும் இப்படிச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. நாம் நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் எவ்வளவு தூரம் போக முடியும்?

அமர்வில் முதலில் எச்சரிக்கைச் சொற்களின் படிநிலை பற்றி விளக்கினார்கள். அமெரிக்காவின் ஏஎன்எஸ்ஐ இசட்535 தரநிலைப்படி ‘டேஞ்சர்’ என்றால், தவிர்க்காவிட்டால் மரணமோ கடும் காயமோ நிச்சயம். ‘வார்னிங்’ என்றால் அது நேரக்கூடும். ‘காஷன்’ என்றால் சிறு காயமோ நடுத்தரக் காயமோ நேரக்கூடும். ‘நோட்டீஸ்’ ஆளுக்குக் காயம் ஏற்படாத விஷயங்களுக்கு, உதாரணமாகப் பொருள் சேதத்துக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் ‘வார்னிங்’ போட்டு வைத்தால், நிஜமான ஆபத்து வரும்போது யாரும் நின்று படிக்க மாட்டார்கள். இது எனக்கு முன்பே தெரிந்ததுதான்.

இடைவேளையில் அந்த டெக்னீஷியனிடம் என்னுடைய ஒரு பக்கத்தைக் காட்டினேன். ஹைட்ராலிக் குழாயை, அதாவது அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் குழாயை, கழற்றும் வேலை. முதல் படி, இணைப்பைத் தளர்த்தவும். அதற்குக் கீழே பெட்டி கட்டி, பெரிய எழுத்தில், குழாயில் அழுத்தம் மீந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை. சொல் சரி, நிறம் சரி, குறியீடும் சரி. அவர் தாளைக் கையில் வாங்கவே இல்லை. வலது கையில் ஸ்பேனர் பிடித்திருப்பதுபோல வைத்துக்கொண்டு, இடது கை விரலால் முதல் வரியைத் தொட்டார். வலது மணிக்கட்டைத் திருப்பினார். அதன் பிறகுதான் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். “நாங்கள் ஒரு வரி படிப்போம், ஒரு வேலை செய்வோம், அப்புறம்தான் அடுத்த வரி. உங்கள் எச்சரிக்கையைப் படிக்கும்போது எண்ணெய் என் முகத்தில் அடித்திருக்கும்” என்றார்.

எச்சரிக்கையைச் செய்முறைப் படிக்கு முன்னால் வை என்ற விதியை நான் பயிற்சியில் படித்தவன்தான், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். அந்த மணிக்கட்டு திரும்பியதைப் பார்த்த பிறகு இன்னொரு தடவை அந்தத் தவறைச் செய்ததில்லை. விமானத் துறையிலிருந்து வந்த எளிய ஆங்கிலத் தரமான ஏஎஸ்டி-எஸ்டிஇ100, செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது என்கிறது. விளக்க வாக்கியத்துக்கு 25 வரை இடம் கொடுக்கிறது. செய்முறைக்கு ஏன் இந்தக் கெடுபிடி என்றும் அவர் விரலைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வரியைப் படித்துவிட்டுத் தலை நிமிரும் ஆளுக்கு எழுதுகிறோம்.

பதில்: இரண்டு மாநாடுகள் போனவர்

என்னுடையது சின்ன விஷயம். முதல் மாநாட்டின் தேநீர் இடைவேளையில் சுவரோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க அதில் ஒன்றும் இல்லை. எதிரே நாலைந்து பேர் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. அரை அடி நகர்ந்து பக்கத்தில் நின்றவருக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுவிட்டு, பேச்சைத் தொடர்ந்தார். நான் போய் நின்றுகொண்டேன்.

இதற்கு ‘பேக்-மேன் விதி’ என்று பெயர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. ரைட் தி டாக்ஸ் நிறுவனர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் எழுதியது. வட்டமாக நின்றால் பேக்-மேன் வீடியோ விளையாட்டில் வரும் வட்ட உருவத்தின் வாய் மாதிரி ஒரு பக்கம் திறந்து நில்லுங்கள், யாராவது வந்து சேர்ந்துகொண்டால் மறுபடியும் ஓர் இடத்தைத் திறந்து விடுங்கள் என்பதுதான் விதி. இரண்டாவது மாநாட்டில் நானும் அப்படித்தான் நின்றேன். இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

பதில்: மென்பொருள் உதவிப் பக்கங்கள் எழுதுபவர்

அன்கான்ஃபரன்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. முன்கூட்டியே தலைப்பு முடிவு செய்யாமல், வந்தவர்களே பலகையில் எழுதி மேசை பிரித்துக்கொள்ளும் முறை. ஹாரிசன் ஓவன் 1980-களில் உருவாக்கிய ஓப்பன் ஸ்பேஸ் கூட்டங்களின் வழியில் வந்தது. அங்கே கற்கவோ கொடுக்கவோ எதுவும் இல்லை என்று தோன்றினால் எழுந்து வேறு மேசைக்குப் போகலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த ஒரு சுதந்திரத்துக்காகவே எனக்கு அது பிடிக்கும்.

‘உங்கள் பக்கத்தைக் காதால் கேளுங்கள்’ என்று ஒரு தலைப்பு பலகையில் இருந்தது. எழுதியவர் பார்வையற்றவர், ஏபிஐ (ஒரு மென்பொருளோடு இன்னொன்று பேசும் வழி) ஆவணங்கள் எழுதுகிறார். மேசையில் நாங்கள் மூன்று பேர். என் உதவிப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தேன். அவர் திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானில் அந்தப் பக்கத்தின் லிங்குகளை மட்டும் பட்டியலாக எடுத்து, வேகத்தை எங்களுக்காகக் குறைத்து, ஸ்பீக்கரில் போட்டார். “இங்கே. இங்கே. இங்கே. மேலும் அறிய. இங்கே. மேலும் அறிய.” யாரும் பேசவில்லை. “இதில் பாஸ்வேர்டு மாற்றுவது எது?” என்று மென்மையாகக் கேட்டார். எழுதிய எனக்கே தெரியவில்லை.

பார்க்கிறவர்கள் சுற்றியிருக்கும் வாக்கியத்தோடு சேர்த்து ஒரு லிங்கைப் படித்துக்கொள்வார்கள். பட்டியலாகக் கேட்கிறவருக்கு அந்தச் சொல் மட்டும்தான் கையில் கிடைக்கும். ‘பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி’ என்பதையே லிங்காக வைத்தால் தீர்ந்தது. ‘வலப்பக்கம் உள்ள பச்சை பட்டனை அழுத்தவும்’ என்ற வரியையும் அவர் விடவில்லை. பட்டனில் என்ன எழுதியிருக்கிறதோ அந்தப் பெயரைச் சொல்லுங்கள், நிறமும் திசையும் அதற்கு மேல் கூடுதலாக இருக்கட்டும் என்றார். அன்று நாற்பது நிமிடம் அவரோடு உட்கார்ந்ததுபோல வேறு எந்தப் பயிற்சியும் எனக்குப் பயன்பட்டதில்லை.

பதில்: மொழிபெயர்ப்பிலிருந்து இந்தத் துறைக்கு வந்தவர்

ஐந்து நிமிட மின்னல் உரை ஒன்றை இங்கே சேர்க்கிறேன். பேசியவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் காட்டியது ஒரே ஒரு ஆங்கில வாக்கியம். நிரலில் அதை மூன்று துண்டுகளாக உடைத்து, நடுவே எண்ணையும் கோப்புறைப் பெயரையும் செருகியிருந்தார்கள். அதே வரிசையில் தமிழாக்கினால் ‘உங்களிடம் உள்ளன 5 செய்திகள் இல் பணிகள்’ என்று வருகிறது. நம் மொழியில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், வினை கடைசியில் வரும். முழு வாக்கியத்தையும் ஒரே சரமாக (நிரலில் வரும் எழுத்துத் தொடர்) கொடுத்தால் ‘பணிகள் கோப்புறையில் 5 செய்திகள் உள்ளன’ என்று இடம் மாற்றி எழுதிவிடலாம். அரபியில் எண்ணைப் பொறுத்து ஆறு வகைப் பன்மை வடிவங்களைக் கையாள வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார்.

உரை முடிந்ததும் அவரைத் தேடிப் போய்ப் பேசினேன். அவர் கேட்டது எளிமையானது. சரங்களை அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது எந்தத் திரையில் வரும், பட்டனா தலைப்பா என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அது போதும் என்றார். மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது அந்த ஒரு வரிக்காக நானே எத்தனையோ நாள் காத்துக் கிடந்திருக்கிறேன். எழுத்தாளராக மாறிய பிறகு கொடுக்க மறந்துவிட்டேன். இப்போது கொடுக்கிறேன்.

பதில்: இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர்

எஸ்டிசி என்ற தொழில்நுட்பத் தொடர்பாளர் சங்கம் பற்றிச் சொல்லாமல் எனக்கு இந்தப் பேச்சு முழுமையாகாது. 1953-இல் வேர்விட்ட அமைப்பு. 2025 ஜனவரியில், இனி இயங்காது, திவால் மனு கொடுக்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். செய்தி வந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

அந்தச் சங்கத்தின் கூட்டம் ஒன்றில்தான் என் வழிகாட்டியைச் சந்தித்தேன். வேலை மாதிரிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் மேசை அவருடையது. நான் அழகாக பைண்டு செய்த பன்னிரண்டு மாதிரிகளைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் மூன்றைப் புரட்டிவிட்டு, “நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இதில் நீங்கள் எடுத்த முடிவு எது?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. “இந்தப் பக்கம் முன்னால் எப்படி இருந்தது, யாருக்காக எழுதினீர்கள், எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள்? வேலை கொடுக்கிறவர் அதைத்தான் தேடுவார்.” பன்னிரண்டை நாலாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் குறிப்பு எழுதினேன். அடுத்த வேலை அதை வைத்துத்தான் கிடைத்தது.

சங்கம் மூடிய பிறகு அவரே எங்களில் ஐந்து பேருக்கு அஞ்சல் அனுப்பினார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், ஆளுக்கொரு பக்கம், ஆன்லைனில் பார்ப்போம் என்று. இதுவரை ஒரு மாதமும் தவறவில்லை. ஜெர்மனியில் 1978 முதல் இருக்கும் டெகோம் என்ற இதே துறைச் சங்கம் ஆண்டுதோறும் ஸ்டுட்கார்ட்டில் நடத்தும் டிசிவேர்ல்டு போன்ற பெரிய மாநாடுகள் இருக்கின்றன, வசதி உள்ளவர்கள் அவசியம் போங்கள். எங்கள் ஐந்து பேர் கூட்டமும் எனக்கு அதே அளவு முக்கியம்.

பதில்: முதல் தடவை போகப்போகிறவர்

எல்லாவற்றையும் படித்தேன், ரொம்ப நன்றி. அலுவலகத்தில் செலவு தர மாட்டேன் என்றுவிட்டார்கள். தன்னார்வலராக விண்ணப்பித்து, பதிவு மேசையில் அரை நாள் வேலை செய்தால் கட்டணம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு கேள்வி. எதைக் கொண்டு போவது? நான் எழுதியதில் நன்றாக வந்தது ஒன்றுதான் இருக்கிறது.

தொடங்கியவரின் பதில்

பதிவு மேசை நல்ல இடம். வருகிற எல்லோருடைய முகமும் பெயரும் உங்களுக்குத் தெரிந்துவிடும். மதியம் நீங்கள் யாரிடமும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்காது.

நன்றாக வந்ததை வீட்டில் வைத்துவிடுங்கள். சப்போர்ட் குழுவுக்கு எந்தப் பக்கத்தால் அதிகம் கேள்வி வருகிறதோ, அதை எடுத்துப் போங்கள். ஒரே பக்கம் போதும். வாடிக்கையாளர் பெயர், உள் முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வெளியே காட்டலாமா என்று மேலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரத்தில் நிறைய இடம் விட்டு இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றைப் படிப்பவரிடம் கொடுங்கள், இன்னொன்று உங்கள் மடியில் இருக்கட்டும். படிக்கும்போது அவர் எங்கே நிற்கிறாரோ, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். விளக்கம் சொல்ல வாய் துடிக்கும். அவர் கடைசி வரி வரைக்கும் போய் முடிக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.