பஃப் பேனல் கொட்டகையில் ஏ.சி. ஓடியும் குளிரவில்லை, எத்தனை டன் வேண்டும்?

கோட்டையூர்ப் பட்டறை

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து வரும் பர்மாத் தேக்கு நிலைகளையும் கதவுகளையும் செப்பனிடுவதுதான் வேலை. கொட்டகை 30 அடிக்கு 20 அடி, உயரம் 12 அடி. கூரை, சுவர் இரண்டும் 50 மி.மீ. பஃப் பேனல் (இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பலகை). மேற்குப் பார்த்து பத்துக்குப் பத்தடி ஷட்டர். தூசி போக 18 அங்குல எக்ஸாஸ்ட் விசிறி.

போன வருடம் 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் மாட்டினேன். சித்திரையில் நாள் முழுக்க ஓடியும் 33 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. மதியத்துக்கு மேல் உள்ளே தண்ணீர் சொட்டுகிறது. மூடியைத் திறந்தால் காயிலில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) பனிக்கட்டி. கேட்டால் 5 டன் வேண்டும் என்கிறார்கள். வேறு சிலர் ஏர் கூலரே போதும் என்கிறார்கள். பூவேலை செதுக்கும் பெரியவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கண்ணில் வியர்வை இறங்க இறங்க அவர் உளி பிடிப்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. வழி சொல்லுங்கள்.

தேவகோட்டை ஏ.சி. மெக்கானிக்

ஐயா, 5 டன் வாங்கிவிடாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஏணி வைத்துக் கூரையின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இறங்கி வந்து ஷட்டரைத் தொடுங்கள். விஷயம் உங்கள் கைக்கே தெரிந்துவிடும்.

50 மி.மீ. பஃப் இருந்தால் கூரையும் நான்கு சுவர்களும் சேர்ந்தே ஏறக்குறைய அரை டன் வெப்பம்தான் உள்ளே விடும். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட். மேற்கு வெயில் நேராக விழும் வெறும் தகர ஷட்டர் ஒன்றே அதே அளவை உள்ளே தள்ளிவிடும். அதைவிடப் பெரிய ஓட்டை உங்கள் எக்ஸாஸ்ட். கொட்டகையில் இருப்பது 7,200 கன அடி காற்று. அந்த விசிறி அதைச் சில நிமிடங்களிலேயே வெளியே தள்ளும். அந்த இடத்துக்கு 38 டிகிரி காற்று புகும். பாதி வேகத்தில் இழுத்தாலும் 2 டன் குளிர் வீண். 5 டன் மாட்டினாலும் அதில் பெரும்பகுதி தெருவுக்குத்தான் போகும்.

பனிக்கட்டிக்குக் காரணம் பெரும்பாலும் மரத்தூள். வடிகட்டியும் காயும் அடைத்தால் காற்று போதாது, காயிலில் ஈரம் உறையும், நிறுத்தினால் உருகிச் சொட்டும். வடிகால் குழாயிலும் தூள் களியாகப் படிந்திருக்கும். சுத்தம் செய்த பிறகும் உறைந்தால் ஏ.சி.க்குள் இருக்கும் குளிரூட்டும் வாயுவின் அளவைச் சோதிக்க வேண்டும்.

ஆத்தங்குடித் தச்சர்

தம்பி, கூலர் வேண்டாம். ஈரக்காற்றில் தேக்கே உப்பும், இணைப்பு பிசகும். நான் ஒரு நிலைக்கதவில் பட்டிருக்கிறேன்.

அறுப்பையும் இழைப்பையும் வெளியே கொண்டுபோ. வடக்குச் சுவரை ஒட்டி ஒரு தாழ்வாரம் இறக்கி, தூள் பறக்கும் இயந்திரங்களை அங்கே வை. செதுக்கல், பொருத்தல் மட்டும் உள்ளே நடக்கட்டும். எக்ஸாஸ்டுக்கு உள்ளே வேலையே இராது, இயந்திரச் சூடும் போய்விடும்.

பாலிஷை மட்டும் மூடிய அறையில் அடிக்காதே. ஸ்பிளிட் ஏ.சி. இருக்கிற காற்றையே சுற்றிவிடும், ஸ்பிரிட் ஆவி அங்கேயே தங்கும். ஒரு பொறி போதும், பஃப்பும் எரியக்கூடியதுதான். செதுக்கும் பெரியவரை நினைத்துக் கேட்டாய் பார், அதற்காகவே இவ்வளவு சொல்கிறேன்.

கோட்டையூர்ப் பட்டறை

இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று தொட்டுப் பார்த்தேன். கூரையின் உட்புறம் சாதாரண வீட்டுச் சுவரைப் போல அதிகச் சூடில்லாமல் இருந்தது. ஷட்டரில் கை வைக்க முடியவில்லை. ஏ.சி.யைக் கழற்றிக் கழுவியபோது காயிலிருந்து ஒரு முறம் தூள் விழுந்தது. இயந்திரங்களை நிறுத்தி, எக்ஸாஸ்டை அட்டையால் அடைத்து, ஷட்டருக்கு உள்ளே தெர்மோகோல் பலகைகளைச் சாத்தி ஓட்டினோம். அதே 1.5 டன்னில் மூன்று மணிக்கு 28 டிகிரி! பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை.

தாழ்வாரத்துக்குக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். இன்னொரு ஏ.சி. வேண்டுமா?

தேவகோட்டை ஏ.சி. மெக்கானிக்

ஒரு 1 டன் போதும், எதிர்க்கோடியில் மாட்டுங்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் எந்த ஏ.சி.யின் திறனும் குறையும். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். அளவுக்கு மீறிப் பெரியது மாட்டினால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஐப்பசி கார்த்திகை ஈரத்தைச் சரியாக வாங்காது. மரத்துக்கு அது கெடுதல்.

தெர்மோகோல் தற்காலிகம்தான், அதுவும் சட்டென்று தீப்பிடிக்கும். ஷட்டருக்கு உள்ளே அதே பஃப் பேனலில் இரட்டைக் கதவு போடுங்கள், அடியில் ரப்பர் பட்டை வையுங்கள். வெளியூனிட்டைத் தாழ்வாரத்துத் தூள் படாமல் கிழக்கே வையுங்கள். பேனல் தகட்டில் திருகாமல் இரும்புத் தூணோடு சேர்த்து மாட்டச் சொல்லுங்கள்; தகடு அதிர்ந்து அதிர்ந்து திருகு கழன்றுவிடும். வடிகட்டியை வாரம் ஒருமுறை நீங்களே கழுவலாம், தண்ணீர் போதும்.