முடக்குவாதம்: நிபுணர்கள் ஒத்துக்கொண்ட சிகிச்சை முறை என்ன?

கேள்வி:
அம்மாவுக்கு முடக்குவாதம் என்று தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. அரசு மருத்துவமனையில்தான் காட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், அதே மாத்திரை. மூட்டை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. காலையில் ஒரு மணி நேரம் விரலை மடக்கவே முடியவில்லை. நிபுணர்கள் கூடி முடிவு செய்த முறை ஏதாவது இருக்கிறதா? நான் என்ன கேட்க வேண்டும்?

பதில் 1:
இருக்கிறது. நான் மூட்டுவாதப் பிரிவில் செவிலியர். 2010-இல் சர்வதேச நிபுணர் குழு 'இலக்கு வைத்துச் சிகிச்சை' என்ற பரிந்துரைகளை வெளியிட்டது. இலக்கு, நோய் முழுதாக அடங்குவது. முடியாவிட்டால் தீவிரம் குறைவாக இருப்பது. நோய் தீவிரமாக இருக்கும்வரை 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தீவிரத்தை அளந்து பார்க்க வேண்டும். ஐரோப்பியப் பரிந்துரைப்படி 3 மாதத்தில் முன்னேற்றம் இல்லை, அல்லது 6 மாதத்தில் இலக்கை எட்டவில்லை என்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும். உங்கள் அம்மாவுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டதே!

அப்படி அளக்க, 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, எத்தனை மூட்டில் வலி, எத்தனையில் வீக்கம் என்று எண்ணுவார்கள். அதற்குச் சில நிமிடம் போதும். கூட்டத்தைக் காரணம் சொல்லி அதைத் தவிர்ப்பதை என்னால் ஏற்க முடியாது. அப்புறம், அந்த 28-இல் பாதம் சேராது. பாதம் வலித்தால் நீங்களே சொல்லுங்கள்.

பதில் 2:
மாத்திரை மெத்தோட்ரெக்சேட்டா? அது வாரம் ஒருமுறைதான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையில் எழுதி வையுங்கள்.

கேட்டவர்:
அதேதான், ஞாயிற்றுக்கிழமை போடுகிறார். அடுத்த முறை மூட்டுகளை எண்ணச் சொல்லிக் கேட்கிறேன்.