ஒரு பாஸ் தவறினால் பழி யாருக்கு: குவாட்டர்பேக்கிற்கா, ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கா?

கேள்வி: நாலாம் டவுன்

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். டவுன் (தாக்கும் அணிக்குக் கிடைக்கும் ஒரு முயற்சி) கணக்கும் யார்டு கணக்கும் இப்போது யோசிக்காமலே பிடிபடுகின்றன. ஆனால் ஒரு விஷயம் மட்டும் இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. ஓர் அணி தோற்ற மறுநாள் பாதிப் பேர், பந்தை வீசும் குவாட்டர்பேக்கைக் குறை சொல்கிறார்கள். மீதிப் பேர், அவருக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்த தாக்குதல் பயிற்சியாளரான ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டரைக் குறை சொல்கிறார்கள். இரு தரப்பும் ஒரே காட்சியைத்தான் ஆதாரமாகக் காட்டுகின்றன.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2015 பிப்ரவரி 1 அன்று நடந்த சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 28-24 என்று முன்னிலையில் இருக்க, சியாட்டில் சீஹாக்ஸ் எதிரணியின் 1 யார்டு கோட்டில், அதாவது டச்டவுனுக்கு (எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பதற்கு) ஒரே யார்டு தொலைவில், நின்றது. இரண்டாவது டவுன், 26 விநாடிகள் மீதம். மார்ஷான் லிஞ்சைப் போன்ற ஓட்டக்காரர் பக்கத்திலேயே நிற்கும்போது பாஸ் ஆடினார்கள், குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் வீசிய பந்தைப் பேட்ரியட்ஸின் மால்கம் பட்லர் பறித்துக்கொண்டார், ஆட்டம் முடிந்தது. நண்பர்களோடு இதை எத்தனையோ முறை விவாதித்துவிட்டேன். ஒருவர் அதை வரலாற்றிலேயே மோசமான ஆட்டத் தேர்வு என்கிறார். இன்னொருவர், வில்சன் அந்தப் பந்தை வீசியிருக்கவே கூடாது என்கிறார்.

என் கேள்வி இதுதான்: முடிவைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு பிளேயில், அதாவது ஒரு டவுனில் ஆடும் ஆட்டத்தில், குவாட்டர்பேக்கின் பங்கு எது, ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தவரின் பங்கு எது என்று பிரித்தறிய வழி இருக்கிறதா? புள்ளிவிவரங்கள் இதற்கு உதவுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கோட்டோரம்

நண்பரே, நீங்கள் எடுத்த உதாரணமே இதற்கு மிகச் சரியானது, ஏனெனில் அந்த ஒரு பிளேக்குள் குறைந்தது மூன்று தனித்தனி முடிவுகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டிப்போட்டுப் பேசுவதால்தான் வாதம் முடிவதே இல்லை.

முதல் முடிவு, ஓடுவதா வீசுவதா என்பது. சியாட்டிலிடம் கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் ஒன்றே ஒன்றுதான் மீதமிருந்தது. இரண்டாவது டவுனில் ஓடித் தோற்றால் டைம் அவுட்டைச் செலவழிக்க வேண்டும். மூன்றாவது டவுனிலும் ஓடித் தோற்றால் கடிகாரம் நிற்காது, எல்லோரும் குவியலிலிருந்து எழுந்து நான்காவது டவுனுக்கு அணிவகுக்க அவசரப்பட வேண்டும். ஆனால் பாஸ் கீழே விழுந்தால் கடிகாரம் தானே நின்றுவிடும். ஆகவே மூன்று வாய்ப்புகளையும் நிம்மதியாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் எங்கோ ஓர் இடத்தில் ஒரு பாஸ் தேவைப்பட்டது. அதோடு, சியாட்டில் பந்தைப் பிடிக்கும் மூன்று ரிசீவர்களைக் களத்தில் இறக்கியிருந்தாலும், எதிரே பேட்ரியட்ஸ் ஓட்டத்தைத் தடுப்பதற்கென்றே கனமான ஆட்களை முன்வரிசையில் நிறுத்தியிருந்தது. இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பாஸ் என்ற முடிவை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த நெருக்கடியில் ஒரு பகுதியை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். லிஞ்ச் 4 யார்டு ஓடி 1 யார்டு கோட்டில் விழுந்தபோது ஏறக்குறைய ஒரு நிமிடம் இருந்தது. அதை 26 விநாடிவரை கரைய விட்டது சியாட்டில்தான்.

இரண்டாவது முடிவு, எந்தப் பாஸ் என்பது. என் மனத்தாங்கல் இங்கேதான். தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரலும் கோஆர்டினேட்டர் டேரல் பெவலும் தேர்ந்தெடுத்தது, ரிசீவர் ரிக்கார்டோ லாக்கெட் உள்நோக்கிச் சாய்வாக ஓடி வரும் ஸ்லான்ட். அந்தப் பிளே வெற்றிபெற, முன்னால் நிற்கும் இன்னொரு ரிசீவர் ஜெர்மைன் கர்ஸ், பேட்ரியட்ஸின் பிராண்டன் பிரவுனரைப் பின்னால் தள்ளி, பட்லரின் பாதையை அடைக்க வேண்டும். பிரவுனரோ ஆறடி நான்கு அங்குல உயரமும் அதற்கேற்ற பலமும் உள்ளவர். முந்தைய ஆண்டுவரை சீஹாக்ஸ் அணியிலேயே ஆடியவர். அவரைத் தள்ளுவதை நம்பி, உடல்கள் மிக நெருக்கமாக இருக்கும் உட்பகுதிக்குப் பந்தை அனுப்பியது ஆபத்தான தேர்வு. மூலைக்குத் தூக்கி வீசும் பாஸோ, வில்சன் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே பார்த்து வீசும் பாஸோ தவறினால் பெரும்பாலும் பந்து வெளியேதான் போகும்.

மூன்றாவதாகத்தான் வில்சனின் முடிவு வருகிறது. ஸ்னாப்பில் பந்து கைக்கு வந்ததும் உடனே கையை விட்டுப் போக வேண்டிய பிளே அது. நின்று நிதானிக்க இடமில்லை. பிரவுனர் கர்ஸை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். பட்லர் பயிற்சியில் இதே அமைப்பில் ஒருமுறை ஏமாந்திருந்தவர். இம்முறை லாக்கெட்டுக்கு முன்பே பாய்ந்துவிட்டார். பந்து இன்னும் தாழ்வாக, லாக்கெட்டின் உடம்போடு ஒட்டி வந்திருந்தால் பறிபோகாமல் தரையில் விழுந்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அது சிறிய பிழை. அவருக்குக் கொடுக்கப்பட்ட பிளேயில் அவர் செய்யக்கூடியது அவ்வளவு குறைவாக இருந்தது.

ஆகவே எந்தப் பிளேயைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இது குவாட்டர்பேக்கிற்கு எத்தனை வழிகளைத் திறந்து வைத்தது என்பதைத்தான். நான்கு வழிகள் இருந்து தவறானதை எடுத்தால் பழி அவருடையது; ஒரே வழியைக் கொடுத்து அதுவும் அடைபட்டால் அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பதில்: நூற்றைம்பத்தெட்டு

புள்ளிவிவரங்கள் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். உதவும், ஆனால் எதை எண்ணுகிறது, எதை எண்ணுவதில்லை என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். 1973 முதல் என்எஃப்எல் லீக் பயன்படுத்தும் பாஸர் ரேட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றிகரமான பாஸ்களின் விழுக்காடு, ஒரு பாஸுக்கு எத்தனை யார்டு, டச்டவுன் விழுக்காடு, இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த பாஸ்) விழுக்காடு ஆகிய நான்கை மட்டும் சேர்த்து, 0 முதல் 158.3 வரை ஓர் எண்ணைத் தருகிறது. குவாட்டர்பேக் பந்தை வீசும் முன்பே சாய்க்கப்பட்டு சாக் ஆனதோ, பந்தைக் கைநழுவ விட்டதோ, தானே ஓடியதோ அந்தக் கணக்கில் வருவதில்லை.

இதன் விளைவை 2017 பிப்ரவரி 5 சூப்பர் பவுலில் பார்க்கலாம். அட்லாண்டா ஃபால்கன்ஸின் குவாட்டர்பேக் மேட் ரயன் அன்று 23 பாஸ்களில் 17 வெற்றி, 284 யார்டு, 2 டச்டவுன், இன்டர்செப்ஷன் எதுவும் இல்லை. ரேட்டிங் 144.1. தாளை மட்டும் பார்ப்பவர் அவர்தான் வென்றிருப்பார் என்று நினைப்பார். ஆனால் 28-3 என்று முன்னிலையில் இருந்த அணி கூடுதல் நேரத்தில் பேட்ரியட்ஸிடம் 34-28 என்று தோற்றது. அன்று ரயன் ஐந்து முறை சாக் ஆனார்; அவற்றில் ஒன்றில் பந்தும் பறிபோனது. ரேட்டிங்கில் இவற்றின் தடமே இல்லை.

பொதுவாக எல்லோரும் அப்போதைய ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் கைல் ஷனஹானைத்தான் குற்றம் சாட்டுகிறார்கள். நானும் பெருமளவு உடன்படுகிறேன், ஆனால் முழுவதுமாக அல்ல. 28-20 என்ற நிலையில், நான்கு நிமிடம் நாற்பது விநாடி மீதமிருக்க, ஃபால்கன்ஸின் ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டின் ஓரத்தில் கால் விரல்களை ஊன்றி ஒரு பந்தைப் பிடித்தார். இன்றும் அதைப் பார்த்தால் மெய் சிலிர்க்கிறது. அட்லாண்டா எதிரணியின் 22 யார்டு கோட்டுக்கு வந்துவிட்டது. மூன்று முறை தரையில் ஓடி, கடிகாரத்தைக் கரைத்து, பந்தை உதைத்து ஒரு ஃபீல்டு கோல் அடித்திருந்தால் முன்னிலை 11 ஆகியிருக்கும். பேட்ரியட்ஸுக்கு இரண்டு முறை புள்ளி எடுக்க வேண்டியிருந்திருக்கும். முதல் ஓட்டத்தில் ஒரு யார்டு இழப்பு. அடுத்து ஷனஹான் பாஸ் கேட்டார். பேட்ரியட்ஸின் ட்ரே ஃபிளவர்ஸ் ரயனை 12 யார்டு பின்னால் வைத்துச் சாய்த்தார். அதற்கடுத்த பிளேயில் எதிராளியைப் பிடித்து இழுத்த ஹோல்டிங் அபராதமாக இன்னும் 10 யார்டு போனது. ஃபீல்டு கோல் எட்டாத தொலைவுக்குப் போய், பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பாஸ் கேட்டது ஷனஹானின் தவறு. ஆனால் அந்த இடத்தில் சாக் ஆகக்கூடாது என்பது குவாட்டர்பேக் அறிந்திருக்க வேண்டிய முதல் பாடம். வழி கிடைக்காவிட்டால் ஒரு ரிசீவரின் காலடியில் பந்தை எறிந்துவிடலாம். 12 யார்டு அப்படியே மிஞ்சியிருக்கும். கோட்டோரம் சொன்ன அளவுகோலை இங்கே பொருத்திப் பார்த்தால் அது பாதிதான் பொருந்துகிறது. பிளேயில் எழுதப்படாத ஒரு வழி எப்போதும் உண்டு: இழப்பைச் சிறிதாக்கிக்கொள்வது. அதை எந்தக் கோஆர்டினேட்டரும் வரைந்து கொடுப்பதில்லை.

பதில்: நாலாம் டவுன்

இருவருக்கும் மிக்க நன்றி. 144.1 என்ற எண் என்னைத் திகைக்க வைத்தது. ஒரு சந்தேகம்: குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் ஒலிபெருக்கி இருக்கிறதே, பயிற்சியாளர் எதையும் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருக்கலாம் அல்லவா? அப்படியானால் களத்தில் குவாட்டர்பேக்கின் சொந்த மூளைக்கு எவ்வளவு வேலை மிஞ்சுகிறது?

பதில்: பச்சைப் புள்ளி

கடைசிவரை சொல்ல முடியாது. 1994 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் பிளே கடிகாரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது, அல்லது அதற்குள் ஸ்னாப் ஆகிவிட்டால் அப்போதே, இணைப்பு துண்டிக்கப்படும். ஒரு பிளே முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடிகள். அதில் முதல் 25 விநாடிக்குள் பிளேயின் பெயரைச் சொல்லி, அதைக் குவாட்டர்பேக், வீரர்கள் கூடி நிற்கும் ஹடிலில் பத்துப் பேருக்கும் திருப்பிச் சொல்லி, கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். அதன் பிறகு அவர் காதில் ஒரு குரலும் இல்லை. தடுப்பாட்டக்காரர்கள் இடம் மாறுவதைப் படிப்பதும், ஆடிபிள் சொல்லி பிளேயை மாற்றுவதும், முன்வரிசை லைன்மேன்களின் தடுப்பைத் திருத்துவதும் எல்லாம் அந்த மௌனத்தில்தான் நடக்கின்றன.

இந்த 15 விநாடிதான் ஜாரெட் காஃப் பற்றிய விவாதத்தின் மையமாக இருந்தது. புதிய வீரர்களை அணிகள் எடுக்கும் 2016 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குவாட்டர்பேக் அவர். அந்த ஆண்டு ராம்ஸ் அணிக்காகத் தொடங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றார். 5 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். 2017இல் ஷான் மெக்வே தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அதே காஃப் 28 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன் என்று மாறினார். மெக்வே அணியை விரைவாகக் கோட்டுக்குக் கொண்டுவந்து, இணைப்பு அறும் முன்பே எதிரணியின் அமைப்பைப் பார்த்துக் காஃபின் காதில் சொல்லிவிடுகிறார், காஃப் வெறும் கருவிதான் என்று பலர் பேசினார்கள். 2019 பிப்ரவரியில் பேட்ரியட்ஸுக்கு எதிரான சூப்பர் பவுலில் ராம்ஸ் மொத்தம் 3 புள்ளி எடுத்து 13-3 என்று தோற்றதும், அந்தப் பேச்சு தீர்ப்பாகவே ஆகிவிட்டது.

அந்த ஆட்டத்தின் மூன்றாவது குவாட்டரில் ஒரு பிளே இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். ராம்ஸின் பிராண்டின் குக்ஸ், டச்டவுன் எடுக்கும் பகுதியான என்ட் ஸோனில் தனியாக நிற்கிறார், அருகில் ஆளே இல்லை. மெக்வே வரைந்தது அப்படியே பலித்துவிட்டது. காஃப் அவரைப் பார்க்கிறார், ஆனால் தாமதமாக. பந்து காற்றில் இருக்கும்போதே பேட்ரியட்ஸின் ஜேசன் மெக்கோர்ட்டி களத்தின் குறுக்கே ஓடிவந்து கடைசிக் கணத்தில் தட்டிவிடுகிறார். அதைக் காஃபின் கணக்கில்தான் எழுத வேண்டும். அந்த இரவின் மற்ற பெரும்பகுதியை மெக்வேயின் கணக்கில் எழுதுவேன். பேட்ரியட்ஸ் அந்தப் பருவம் முழுவதும் ஆளுக்கு ஆள் காத்துவிட்டு அன்று பெரும்பாலும் இடம் காத்து ஆடியது. அதற்கு மாற்று இறுதிவரை வரவேயில்லை.

2021இல் காஃபை டெட்ராய்ட் லயன்ஸுக்கு அனுப்பி மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கினார்கள். டெட்ராய்டில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடி நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் ஒரு வெற்றியும் காணாத ஸ்டாஃபோர்டு, மெக்வேயோடு சேர்ந்த முதல் பருவத்திலேயே சூப்பர் பவுல் வென்றார். பயிற்சியாளர்தான் எல்லாம் என்பவர்களுக்கு அது போதுமான சான்றாகத் தெரிந்தது. ஆனால் 2022இல் லயன்ஸின் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டரான பென் ஜான்சன், காஃபுக்குப் பொருந்தும், ஓடுவதுபோல் காட்டி வீசும் பிளே ஆக்‌ஷன் ஆட்டத்தையும், காஃபுக்குப் பிடித்த பாஸ்களையும் முன்வைத்துத் திட்டத்தைக் கட்டினார். 2024 பருவத்தில் காஃப் 37 டச்டவுன் வீசினார், ரேட்டிங் 111.8, லயன்ஸ் 15 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டும் தோற்றது. மெக்வே இல்லாமலே இது நடந்தது. நல்ல கோஆர்டினேட்டர் கிடைத்ததால்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், ஆனால் இணைப்பு அறுந்த பிறகு வரும் 15 விநாடியில் ஜான்சனும் காஃபுக்குத் துணையாக இருந்ததில்லை.

பதில்: கோட்டோரம்

பச்சைப் புள்ளி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தேர்வும் எப்போதும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை. 2018 பிப்ரவரி சூப்பர் பவுலில், முதல் பாதி முடிய 38 விநாடி இருக்கையில், பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு 1 யார்டு கோட்டில் நான்காவது டவுன். டைம் அவுட்டில் குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸ், பயிற்சியாளர் டக் பீடர்சனிடம் வந்து, ஒரு சிறப்புப் பிளேயை ஆடலாமா என்று கேட்டார். பீடர்சன் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். குவாட்டர்பேக்கே ரிசீவராக ஓடி, ட்ரே பர்டன் வீசிய பந்தை என்ட் ஸோனில் பிடித்தார். கேட்டவர் ஒருவர், ஒப்புக்கொண்டவர் ஒருவர். பந்து வீணாகியிருந்தால் பழியை எப்படிப் பங்கிடுவது என்று நானும் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பதில்: நாலாம் டவுன்

மூவருக்கும் நன்றி. இன்று குக்ஸ் நின்ற அந்தப் பிளேயைத் தேடிப் பிடித்து நான்கு முறை பார்த்தேன். முதல் மூன்று முறையும் என் கண் பந்தின் பின்னாலேயே போய்விட்டது. நான்காவது முறைதான் பந்தை விட்டுவிட்டுக் குக்ஸை மட்டும் பார்த்தேன். காஃப் கையை உயர்த்துவதற்கு முன்பே அவர் தனியாகத் திரும்பி நிற்கிறார். இனி பட்லரின் பிளேயையும் அதேபோல், கர்ஸையும் பிரவுனரையும் மட்டும் பார்த்துக்கொண்டு, முதலிலிருந்து போட்டுப் பார்க்கப் போகிறேன்.