கோடை இன்டர்ன்ஷிப்: டிரெய்லர் மேல் குட்டி வீடு கட்டும் பட்டறையில் சேரலாமா?

தென்கரை:

அனைவருக்கும் வணக்கம். ஆரிகன் மாநிலத்தில் சிவில் எம்.எஸ். படிக்கிறேன், ஸ்ட்ரக்சுரல் பிரிவு. முதலாண்டு முடியப் போகிறது. கோடைக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, பாலங்களின் வரைபடங்களைச் சரிபார்க்கும் அலுவலக வேலை. குளுகுளு அறை, மேசையில் இரண்டு திரை, கௌரவமான சம்பளம். மற்றது போர்ட்லாண்டுக்குத் தெற்கே ஒரு பட்டறை. டிரெய்லரின் மேல் 24 அடி நீளத்தில் குட்டி வீடுகள் கட்டி விற்கிறார்கள். மொத்தமே ஏழெட்டுப் பேர். மணிக்கு 18 டாலர்.

பார்த்துவிட்டு வரலாம் என்று பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் என் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். நானும் மரத்தூளைப் பெருக்கிக்கொண்டே பதில் சொன்னேன். "அனுபவம் வேண்டாம், காலை ஏழு மணிக்கு வந்துவிட்டால் போதும்" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். அப்பா, "கடன் வாங்கி உன்னை அனுப்பியது மரம் அறுக்கவா?" என்று கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது.

என் சந்தேகங்கள்: எஃப்-1 மாணவர் விசாவில் இதற்கு அனுமதி கிடைக்குமா? பிறகு வேலை தேடும்போது இதை யாராவது மதிப்பார்களா? நாள்காட்டி மாட்ட ஆணி அடித்ததைத் தவிர வேறு அனுபவம் இல்லாதவன் அங்கே போய் என்ன செய்வேன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிழக்குவாசல்:

விசா கேள்விக்கு மட்டும் பதில். படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி, அதாவது சி.பி.டி., கிடைக்க வாய்ப்பு உண்டு. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும், வேலை உங்கள் பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாக இருக்க வேண்டும். எனவே பட்டறைக்காரரிடம் வாங்கும் கடிதத்தில் "உதவியாள்" என்று மட்டும் இருந்தால் சிக்கல். மரச்சட்ட அமைப்பு, சுமைக் கணக்கு, விதிமுறை ஆவணங்கள் என்று நீங்கள் உண்மையில் செய்யப்போவதை அவர் எழுதித் தர வேண்டும். துறைப் பேராசிரியரிடம் முதலில் பேசுங்கள், பிறகு சர்வதேச மாணவர் அலுவலகம். அனுமதி பதிந்த புதிய ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றுப் படிவம்) கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு நாள்கூட வேலையில் இறங்காதீர்கள். "சும்மா வந்து பழகு, சம்பளம் ஜூனிலிருந்து" என்று யாராவது சொன்னாலும் கூடாது.

ஒரு கோடைக்கு முழுநேர சி.பி.டி. எடுத்தால் ஓ.பி.டி. (படித்த துறையில் வேலை செய்ய, பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் எடுக்கும் அனுமதி) பாதிக்காது. முழுநேரமாகப் பன்னிரண்டு மாதம் சேர்ந்தால்தான் அது பறிபோகும்.

மூலைமட்டம்:

தம்பி, துடைப்பத்தைக் கொடுத்து ஆளை எடை போடுகிறவரை நம்பலாம். தரையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் கையில் மின்ரம்பத்தைக் கொடுப்பது ஆபத்து. அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் நாகர்கோவில்காரன். இங்கே படிக்கும்போது ஒரு கோடை முழுக்க இதே வேலையைத்தான் செய்தேன். இப்போது மரக் கட்டுமானங்களை வடிவமைக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். ஆகவே நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பது உங்களுக்கே தெரியும். கழித்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்வியை விட்டுவிடலாம். ஆணி அடிக்க ஒரு வாரத்தில் வந்துவிடும், அதற்கும் இப்போது காற்றழுத்தத் துப்பாக்கி இருக்கிறது. இரண்டுக்கு நான்கு என்று பெயர் எழுதிய கட்டை உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் என்பதும், இங்கே அரை நூல் வரைக்கும் அளவு பார்ப்பார்கள் என்பதும் போன உடனே பழகிவிடும்.

ஸ்ட்ரக்சுரல் படிக்கிறவருக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். சிறப்பு அனுமதி இல்லாமல் சாலையில் இழுத்துப்போக அகலம் எட்டரை அடிக்குள், உயரம் பெரும்பாலான மாநிலங்களில் பதின்மூன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். உயரத்தில் டிரெய்லர் தளம் இரண்டடியைத் தின்றுவிடும். தரைக்கும் கூரைக்குமான கனம் போனால் உள்ளே சுமார் பத்தடி மிஞ்சும். அதில் கீழே ஒருவர் தலை இடிக்காமல் சமைக்க வேண்டும், மேலே பரணில் இருவர் படுக்க வேண்டும். பரணில் உட்காரலாம், நிற்க முடியாது. அகலத்திலும் இதே கதை. குளிர் தாங்கட்டும் என்று சுவருக்கு இரண்டுக்கு ஆறு கட்டை போட்டால் பக்கத்துக்கு இரண்டு அங்குலமாக நான்கு அங்குலம் உள்ளே போய்விடும். எட்டரை அடி வீட்டில் நான்கு அங்குலம் போவது, குளியலறைக் கதவைத் திறக்க முடியுமா முடியாதா என்ற பிரச்சினை.

அடுத்தது எடை. ஒவ்வொன்றும் 7,000 பவுண்டு தாங்கும் இரண்டு அச்சு என்றால் டிரெய்லரையும் சேர்த்து 14,000 பவுண்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் சேர்த்தி. மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் விழ வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் வீடு வாலாட்டும். கூடினால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரம் இலேசாகி ஸ்டீயரிங் கேட்காது. அதாவது சமையலறையை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதை அச்சு இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். வகுப்பில் திருப்புத்திறன் கணக்கு எத்தனையோ போட்டிருப்பீர்கள். இங்கே விடை தப்பினால் வீடு சாலையில் கவிழும்.

நிற்கிற வீட்டுக்குப் புயல் எப்போதாவது வரும். இந்த வீடு மணிக்கு அறுபது மைல் வேகத்தில் போகும்போதெல்லாம் அந்தக் காற்றை வாங்குகிறது, கூடவே சக்கரத்துக்கு அடியில் குலுக்கலும். அதனால் சுவரின் அடிக்கட்டையை டிரெய்லரின் இரும்போடு போல்ட் போட்டு முடுக்குவார்கள். கூரைச் சட்டத்தைச் சுவரோடு உலோகப் பட்டை வைத்துப் பிணைப்பார்கள். பிளைவுட்டை ஆணியோடு பசையும் போட்டு ஒட்டுவார்கள். வாடிக்கையாளரோ பக்கச்சுவர் முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்பார். பக்கவாட்டு விசையைத் தாங்க மிச்சமுள்ள துண்டுச் சுவர் போதுமா என்று உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாமல் உங்களிடமே கணக்குப் போடச் சொன்னால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர்.

ஜன்னல் வைக்கும் நாளன்று எப்படியாவது கூட இருங்கள். கீழ்விளிம்பில் முதலில் நீர்த்தடுப்பு நாடா, பிறகு இரண்டு பக்கம், கடைசியாகத்தான் மேல். சுவரைப் போர்த்தியிருக்கும் தாளை மேலே தூக்கி வைத்திருந்து, மேல் நாடா ஒட்டிய பிறகு அதன் மேல் இறக்கிவிட வேண்டும். ஊரில் ஓலைக்கூரை வேய்கிறவர்கள் தாழ்வாரத்திலிருந்து மேலே போவார்களே, அதே முறை. ஜன்னல் சட்டத்தின் அடியில் மட்டும் பசை வைக்காமல் விடுவார்கள். உள்ளே புகுந்த நீர் எந்த வழியாக வெளியே போகும் என்று அதற்கு முன்பு நான் யோசித்ததே இல்லை. இன்று என் மேசைக்கு வரும் எந்த வரைபடத்திலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பட்டறைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஜூன் முதல் வாரத்தில் எந்த வீடு, எந்தக் கட்டத்தில் இருக்கும்? வெறும் டிரெய்லராக நின்றால் யோசிக்காமல் போங்கள். ஏற்கெனவே கூரை மூடி உள்வேலை நடக்கிறது, இன்னொன்று செப்டம்பரில்தான் தொடங்கும் என்றால், கோடை முழுக்க உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் பூசிவிட்டு வருவீர்கள். அதற்குப் பாலத்து வரைபடமே மேல்.

பட்டாதாரர்:

மூலைமட்டம் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் இந்த வீட்டை எங்கே நிறுத்துவது என்பதை வசதியாக விட்டுவிட்டார். நான் ஒரு நகராட்சியின் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது "குட்டி வீடு வாங்கிவிட்டேன், இனி எங்கே வைப்பது?" என்று வந்து நிற்கிறார்.

1999-இல் அயோவாவில், குட்டி வீட்டு இயக்கத்தின் முன்னோடியான ஜே ஷேஃபர் தன் குட்டி வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றியதற்கே காரணம், அவ்வளவு சிறிய வீட்டைத் தரையில் கட்ட விதி இடம் தராததுதான். அந்த ஓட்டையின் மேல்தான் இந்தத் தொழில் முழுதும் நிற்கிறது. அமெரிக்காவில் மாதிரியாகப் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2018 பதிப்பில் வந்த கியூ பின்னிணைப்பு 400 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு உயரத்திலும் பரணிலும் சலுகை கொடுத்தது. அறைக்கு 6 அடி 8 அங்குலம், சமையலறைக்கும் குளியலறைக்கும் 6 அடி 4 அங்குலம் போதும் என்றார்கள். ஆனால் அதெல்லாம் அஸ்திவாரத்தில் நிற்கும் வீட்டுக்கு. சக்கரத்தில் இருந்தால் பல ஊர்களில் அது வண்டி, அதில் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. சக்கர வீட்டில் குடியிருக்க ஃபிரெஸ்னோ நகரம் 2016-இல் கதவைத் திறந்தது, லாஸ் ஏஞ்சலஸ் 2019-இல், போர்ட்லாண்டு 2021-இல். மற்ற பல இடங்களில் இன்னும் இழுபறி. சாதாரண வீட்டுக்கடனும் இதற்குக் கிடைக்காது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் ஊரில் வீட்டைச் சுருக்கி என்ன பயன்?

கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளை அலுவலக வேலைக்குப் போவது நல்லது. அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மூலைமட்டம்:

ஐயா, அவர் வீடு வாங்கப் போகவில்லை, கட்டப் போகிறார். நிறுத்த இடம் இல்லாதது வாங்குகிறவர் கவலை.

நிலத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன்.

மழைநாட்டுக்காரி:

சியாட்டிலிலிருந்து எழுதுகிறேன். குட்டி வீடு என்றால் பணமுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்ற தொனி மேலே தெரிந்தது. இங்கே அது வேறு. தெருவில் கூடாரம் போட்டிருந்தவர்களுக்காக லோ இன்கம் ஹவுசிங் இன்ஸ்டிட்யூட் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் கிராமங்களில் வீடு எட்டுக்குப் பன்னிரண்டு அடி, அவ்வளவுதான். 120 சதுர அடிக்குக் கீழே இருப்பதால் வழக்கமான குடியிருப்புக் கட்டட விதிகளுக்குள் வராது. உள்ளே விளக்கு, ஹீட்டர், பூட்டுப் போடக்கூடிய கதவு. சமையலறையும் குளியலறையும் எல்லாருக்கும் பொது. ஒலிம்பியாவில் 2013-இல் திறந்த குயிக்ஸோட் கிராமத்தில் தலா 144 சதுர அடியில் முப்பது குடில்கள் இருக்கின்றன.

இந்த எட்டுக்குப் பன்னிரண்டு வீடுகளில் பெரும்பாலானவற்றைத் தொண்டர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும்தான் கட்டுகிறார்கள். நான் சனிக்கிழமைகளில் போவேன். குழாய் வேலை கிடையாது, பரண் கிடையாது. தரை, நான்கு சுவர், கூரை, கதவு. ஒரு வீட்டின் எலும்புக்கூடு எப்படி நிற்கிறது என்று புரிய இதைவிட எளிய இடம் இல்லை. போர்ட்லாண்டுப் பக்கமும் இப்படிக் கட்டுகிறவர்கள் உண்டு, விசாரியுங்கள். லாப நோக்கில்லாத அமைப்பில், எல்லாருமே சம்பளமில்லாமல் செய்யும் வேலைக்கு ஒருநாள் தொண்டராகப் போய்ப் பாருங்கள். முதுகும் தோளும் என்ன சொல்கின்றன என்று தெரிந்துவிடும். (விசா விஷயத்தை மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். லாபத்துக்கு நடக்கும் பட்டறையில் "தொண்டு" என்று உழைப்பது வேறு வம்பு.)

அப்பாவுக்கு ஒரு யோசனை. நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர்க்காரரான அருண் பிரபு என்ற கட்டடக் கலைஞர், ஆட்டோவின் முதுகில் ஆறுக்கு ஆறடியில் ஒரு வீட்டை ஒரு லட்சம் ரூபாய் செலவில் கட்டிக் காட்டினார். 2021-இல் ஆனந்த் மஹிந்திராவே அதைப் பாராட்டிப் பதிவிட்டார். அந்தப் படங்களை அனுப்புங்கள். "மரம் அறுப்பது" என்று நினைத்துக்கொண்டிருப்பவர் ஆட்டோவைப் பார்த்தால் கொஞ்சம் இறங்கி வருவார். எங்கள் வீட்டில் பலித்தது.

தென்கரை:

எல்லாருக்கும் நன்றி. பட்டறைக்கு போன் செய்து மூலைமட்டம் அண்ணன் சொன்ன கேள்வியைக் கேட்டேன். டிரெய்லர் ஜூன் முதல் வாரம்தான் வருகிறதாம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கான வீடு. முழங்கால் வலி இருப்பதால் அவருக்குப் பரணே வேண்டாமாம், படுக்கை கீழேயே. ஆகஸ்டுக்குள் கூரையும் வெளிப்பலகையும் முடிந்துவிடும், தண்ணீர்க்குழாய் வேலையில் பாதியாவது பார்க்கலாம் என்றார். விபத்துக் காப்பீடு எனக்கும் சேர்த்து இருக்கிறதாம். எடைக் கணக்கைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டு, "என் அட்டவணையை அனுப்புகிறேன், தப்பு இருந்தால் கண்டுபிடி" என்று சொல்லியிருக்கிறார்.

கடிதத்தைப் பேராசிரியர் பார்த்துவிட்டார். மாணவர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். பட்டாதாரர் ஐயா, நீங்கள் சொன்ன விதிகளையும் குறித்துக்கொண்டேன். இந்த வீடு எங்கே நிற்கப்போகிறது என்றும் கேட்டேன். மகள் வீட்டுப் பின்கட்டில், போர்ட்லாண்டுக்குள்தானாம்.

அப்பாவுக்கு ஆட்டோ வீட்டுப் படத்தை அனுப்பினேன். "கழிப்பறை எங்கே?" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.

என்னென்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?

மூலைமட்டம்:

பரண் இல்லாத வீடா? அப்படியானால் படுக்கையின் எடை எந்தப் பக்கம் வருகிறது என்று அந்த அட்டவணையில் முதலில் பாருங்கள்.

வாங்க வேண்டியது அதிகமில்லை. விரலில் இரும்பு வைத்த பூட்ஸ், அதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். கையுறை மரம் தூக்க மட்டும்தான். சுழலும் ரம்பத்துக்குப் பக்கத்தில் போகும்போது கழற்றிவிடுங்கள், பல்லில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தளர்ந்த சட்டையும் அப்படித்தான். பென்சில் ஒரு கட்டு, யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். டேப்பை இரவல் வாங்காமல் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 25 அடி போதும், வீடே 24 அடிதானே.