கலைச்சொல்: கடல் வற்றும்போது நடந்து போகும் தீவு

அனைவருக்கும் வணக்கம்.

லிண்டிஸ்பார்ன் தீவு பற்றி விக்கிப்பீடியாவில் எழுதும் தம்பி, tidal island என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தார். இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: ஓதத்தீவு, தாழ்ஓதத் தீவு, வற்றுத்தீவு. (ஓதம் என்பது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்.) நான்காவதைச் சொல்வதற்கு முன் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் எழுதுகிறேன். அது தெரியாமல் சொல் பிடித்தால் அகராதிக்குத்தான் ஆகும், அங்கே நடக்கப் போகிறவருக்கு உதவாது.

இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்த்தம்பர்லாந்து கரையை ஒட்டிய தீவு அது. 635இல் ஸ்காட்லாந்தின் அயோனா தீவிலிருந்து வந்த எய்டன் என்ற துறவி அங்கே மடம் அமைத்தார். நாளுக்கு இரண்டு முறை கடல் சூழ்ந்து தீவாகிறது, இரண்டு முறை மணல் காய்ந்து கரையோடு சேர்கிறது என்று 8ஆம் நூற்றாண்டிலேயே பீட் என்ற துறவி எழுதிவிட்டார். இன்றும் அதே கதைதான். 1954இல் கார் போகும் சாலை ஒன்று போட்டார்கள். நீர் ஏறினால் அதுவும் மூழ்கிவிடும். சாலைக்குத் தெற்கே மணல்வெளியில் பழைய நடைவழி இருக்கிறது, ஏறக்குறைய 5 கிலோமீட்டர். யாத்திரிகர் வழி என்பார்கள். வரிசையாக நட்ட மரக்கம்பங்கள்தான் அடையாளம். பலரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். முதலில் இறுகிய மணல், அப்புறம் கணுக்கால் வரை சேறு, நடுநடுவே முழுதும் வடியாத ஓடைகள். காற்று அடங்கிய நாளில் தூரத்து மணல் திட்டுகளில் படுத்திருக்கும் கடல்நாய்களின் ஊளை கேட்கும். வழியில் உயரமான கால்கள் மேல் நிறுத்திய மரக்கூண்டுகள் உண்டு. நேரம் தப்பியவர் ஏணியில் ஏறி அதில் உட்கார்ந்து, நீர் மறுபடி இறங்கும்வரையோ மீட்புப் படகு வரும்வரையோ காத்திருக்க வேண்டியதுதான்.

நேரம் எப்படித் தப்புகிறது? இங்கேதான் நம் சொல்லுக்கு வேலை. அட்டவணையில் ‘தாழ் ஓதம் பிற்பகல் 2 மணி’ என்று பார்ப்பவர், 2 மணிக்குக் கிளம்பினால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார். 2 மணி என்பது கடல் திரும்பும் கணம். சேற்றில் 5 கிலோமீட்டர் நடக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். திரும்பும் நீரும் ஒரே சீராக ஏறாது. ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ஏற்றத்தில், தோராயமாக, முதல் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி ஏறிவிடும். அதாவது ‘இன்னும் மெதுவாகத்தானே வருகிறது’ என்று நம்பி நடு மணலுக்கு வந்து சேரும்போது வேகம் பிடிக்கும். அதுவும் எதிரே அலையாக வந்தால் பார்த்துத் திரும்பலாம். அப்படி வராது. பள்ளமான ஓடைகள் முதலில் நிரம்பும். நீங்கள் மேட்டு மணலில் பாதம் நனையாமல் நிற்கும்போதே முதுகுக்குப் பின்னால் வழி அடைபட்டிருக்கும். எனவே அங்கே சொல்லும் அறிவுரை இது: வற்றிக்கொண்டிருக்கும்போதே இறங்கு, தாழ்மட்டம் தொடுவதற்குள் கரையேறு. உள்ளாட்சி வெளியிடும் பாதுகாப்பான நேரம் சாலைக்கு, மணலுக்கு அல்ல.

ஆகவே தாழ்ஓதத் தீவு வேண்டாம். ‘தாழ்’ நீர்மட்டத்தைச் சொல்கிறது. நடப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது நீர் இறங்குகிறதா ஏறுகிறதா என்பது. ஓதம் நல்ல பழஞ்சொல், பாடநூலிலும் இருக்கிறது. ஆனால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொது. அதோடு ஊரில் ஓதம் என்றால் சுவரில் ஏறும் ஈரம், இல்லாவிட்டால் விரைவீக்கம். ஓதத்தீவுக்குப் போய்வந்தேன் என்று பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள்.

வற்றுத்தீவுக்கு வேர் சரி, கட்டுமானம் சரியில்லை. ஊறுகாய் போல வினைத்தொகையாகக் கொண்டால் வலி மிகாது, வற்றுதீவு ஆகும். பொருளும் தீவே வற்றுவதுபோல் படுகிறது. வற்றுவது நடுவில் உள்ள வழி. சரி, அந்த வழிக்கே பெயர் வைப்போம்: வற்றுவழி. அது உள்ள தீவு வற்றுவழித் தீவு.

வழிக்குத் தனிச்சொல் இருந்தால் வேறு இடங்களுக்கும் உதவும். பிரான்சில் நுவார்மூத்தியே தீவுக்குப் போகும் பசாஜ் து குவா, ஜெர்மனியில் குக்ஸ்ஹாபனிலிருந்து நோய்வெர்க் தீவுக்குச் சேற்றில் நடக்கும் நெடுவழி, குஜராத்தில் பாவ்நகர் அருகே கோலியாக்கில் நிஷ்களங்க மகாதேவரைப் பார்க்கப் பக்தர்கள் நடக்கும் வழி. கடைசியில் சொன்னதைத் தீவு என்றே சொல்ல முடியாது. கடலுக்குள் ஒரு மேடை, ஐந்து இலிங்கங்கள், ஒரு கொடிக்கம்பம், அவ்வளவுதான். வற்றுவழி என்றால் அதற்கும் பொருந்தும்.

நம்மிடம் இதற்கு நிலைத்த சொல் இல்லாததற்குக் காரணம் கடல்தான். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடுவதே அரிது. லிண்டிஸ்பார்னில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது சுமார் 4 மீட்டர். கோலியாக் இருக்கும் காம்பே வளைகுடாவில் அதைவிடப் பெரிது. நம் நாளிதழ்களில் ‘கடல் உள்வாங்கியது’ என்று வருமே, அதையும் யோசித்தேன். 2004க்குப் பிறகு அந்தத் தொடரைக் கேட்டாலே வயிறு கலங்குகிறது. அந்தப் பக்கம் போகவில்லை.

1954 சாலைக்குத் தரைப்பாலம் என்பதே போதும், வேண்டுமானால் கடல் தரைப்பாலம். வடகிழக்குப் பருவமழையில் தரைப்பாலம் மூழ்குவதும், மூழ்கியது தெரிந்தும் வண்டியை விடும் ஆட்களும் நமக்குப் புதிதல்ல. அங்கே தண்ணீரில் நிற்கும் காரின் படத்தோடு ‘இது நீங்களாகவும் இருக்கலாம்’ என்று பலகையே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் யாராவது மாட்டுகிறார்கள். மரக்கூண்டுக்கு என் பரிந்துரை காப்புப் பரண்.

மறுமொழி:

> ஊறுகாய் போல வினைத்தொகையாகக் கொண்டால் வலி மிகாது

ஐயா, இலங்கையில் நாங்கள் பள்ளிக்கூடப் புவியியலில் படித்ததே வற்றுப்பெருக்கு என்றுதான். அங்கே வற்று பெயர்ச்சொல்லாக நிற்கிறது, வலியும் மிகுகிறது. ஆகவே வற்றுத்தீவை இலக்கணம் காட்டித் தள்ள ஏலாது. நீங்கள் சொன்ன பொருள் காரணம் சரி, அதற்காக வற்றுவழியை ஏற்கிறேன்.

தரைப்பாலம் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்காது. கடல்நீரேரிக்குக் குறுக்கே கட்டின வழியை நாங்கள் தாம்போதி என்போம். யாழ்ப்பாணத்துத் தாம்போதிகள் மூழ்குவதற்காகக் கட்டினவை அல்ல என்பதால் இதை மூழ்குதாம்போதி எனலாம்.

பாதுகாப்பான நேரத்துக்கு ஒருவரும் சொல் தரவில்லையே? பாதசாரிக் கடவை என்கிறோம் அல்லவா, அந்தக் கடவையை எடுத்துக் கடவை நேரம் என்று வைக்கலாம். ஆனால் சாலைக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று என்று பிரித்தே எழுத வேண்டும்: தாம்போதிக் கடவை நேரம், வற்றுவழிக் கடவை நேரம். வெறுமனே கடவை நேரம் என்று போட்டால் நடக்கிறவர் சாலையின் நேரத்தைப் பார்த்துவிட்டு மணலில் இறங்குவார்.

பரண் மட்டும் வேண்டாம். தினைப்புனத்தில் கிளி விரட்டுவதுதான் ஞாபகம் வருகிறது.

மறுமொழி:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. கட்டுரையில் இப்படி மாற்றியிருக்கிறேன்:

“லிண்டிஸ்பார்ன் ஒரு வற்றுவழித் தீவு. மூழ்குதாம்போதி வழியாக வண்டியிலும், அதன் தெற்கே உள்ள வற்றுவழியில் நடந்தும் போகலாம். நடப்போர் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே புறப்பட்டு, தாழ்மட்டத்துக்கு முன் கரைசேர வேண்டும். வெளியிடப்படும் தாம்போதிக் கடவை நேரம் வற்றுவழிக்குப் பொருந்தாது.”

கடல் தரைப்பாலம் என்று தேடுபவர்களுக்கு ஒரு வழிமாற்று போட்டுவிட்டேன். பரணை எடுக்க மனம் வரவில்லை, அக்கா. கிளி விரட்டுபவரும் மேலே ஏறித்தானே உட்கார்ந்திருந்தார்? அதைவிட நல்ல சொல் கிடைத்தால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.